பிளக் குழியில் ஒயில்

கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் எங்கள் வீட்டுக்கு ஏறும் ரோட்டு பிரிகிறது. அந்த ஏற்றத்தில் காரை இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் திரும்ப எடுப்பது கஷ்டம். எடுக்கும்போது பின்னால் வருகிறவன் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். அந்த ஏற்றத்தின் அரைவாசியில், என் மனைவி ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் கார் முதன்முதலாக இருமியது.

அதை இருமல் என்றுதான் சொல்லலாம். ஒரு குலுக்கு, பிறகு தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு சத்தம், பிறகு இன்னொரு குலுக்கு. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைற் கண்ணடித்தது. பொனட்டுக்குள்ளிருந்து கருகின எண்ணெய் மணம் வந்தது.

நான் பக்கத்துச் சீற்றில் அமைதியாக இருந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

"கொன்றுபோட்டீர்!" என்று கத்தினேன்.

அவள் பதறிப்போய்ப் பின் கண்ணாடியைப் பார்த்தாள். "யாரங்க? நாயையா?"

"நாயை இல்லை, எஞ்சினை! கிளச்சை விடும்! இல்லை, மிதியும்! ஐயோ, என்னத்தையாவது செய்யும்!"

அவள் முதல் கியருக்கு மாற்றி, இருமலோடு இருமலாக வீட்டு வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தினாள். ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள். இறங்கி வழக்கம்போலப் பின் ரயர் இரண்டுக்கும் கல் வைத்தாள். உள்ளே போய்ச் சாவியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேலே போட்டாள். சாவி விழுந்த சத்தத்தில் ஒரு தீர்ப்பு இருந்தது.

"நாளையிலிருந்து பஸ்," என்றாள்.

அந்தச் சொல்லின் கனம் புரிய, அவள் லைசன்ஸ் எடுத்த கதை தெரிய வேண்டும். அவள் கணக்கு ரீச்சர். தெல்தெனியப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கிடைத்தது. இங்கிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து அங்கே இன்னொரு பஸ். போக வர இரண்டு நேரமும் நசுங்க வேண்டும். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில், "நான் கார் பழகப் போறேன்" என்று சொன்னாள். சொந்தக்காரர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் பழகினாள். முதல் பரீட்சையில் பின்னுக்கு எடுக்கும்போது கம்பத்தை முத்தமிட்டு வந்தாள். இரண்டாவது தடவை பாஸ். அதற்குப் பிறகு கொஞ்ச நாளாகத்தான் காரில் பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்குள் வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். என் ஒற்றைக் கத்தலில் அந்த வெளிச்சம் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே ஏறிவிட்டது.

"உம்மட பிழை இல்லையப்பா," என்றேன் அன்று இரவு சோற்றுக்கு முன்னால்.

"அப்ப யாரு பிழை?"

"அது... தெரியாது."

"தெரிஞ்சதும் சொல்லுங்க. நான் தொட்டா உங்களுக்கு நெஞ்சு வலி வருது. எனக்கு எதுக்குங்க அந்தப் பாவம்?"

அந்தக் கிழமை முழுக்க நான் கால் தரிக்காமல் திரிந்தேன். வாசலுக்குப் போவேன், பொனட்டைத் திறப்பேன், பார்ப்பேன், மூடுவேன். பார்த்தால் எனக்கு என்ன விளங்கும்? ஒன்றும் விளங்காது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் கட்டிலைச் சுற்றி நிற்கிற மாதிரி நிற்பேன். போனில் வீடியோ பார்ப்பேன். ஒருவர் பிஸ்டன் என்பார், ஒருவர் வால்வு என்பார். கடைசியில் எல்லாரும் எஞ்சினை வெளியே எடுத்து மேசையில் பரப்பி வைத்திருப்பார்கள். வேலை செய்யும் கந்தோரில் பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னேன். அவர் சந்தோஷமாகக் கதிரையைத் திருப்பினார்.

"மச்சான், ஹெட் போயிட்டுது. எஞ்சினை இறக்க வேணும்."

"எப்பிடிச் சொல்லுறீர்?"

"எண்ணெய் மணந்ததெண்டால் ஹெட்தான்."

அவருக்குக் கார் இல்லை. மோட்டர் சைக்கிள்தான் வைத்திருக்கிறார். ஆனாலும் மற்றவனின் எஞ்சினை இறக்குவதில் அவருக்கு ஒரு கைராசி இருந்தது.

நானாகச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். ஒயில் பார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, டிப் ஸ்டிக் என்கிற அந்தக் கம்பியை உருவி, பழைய பனியன் துணியால் துடைத்து, திரும்ப விட்டு, எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடிப்பேன். ஒயில் எப்போதும் கீழ்க்கோட்டுக்கும் கீழேதான் நிற்கும். கொஞ்சம் ஊற்றுவேன். அடுத்த ஞாயிறு திரும்பவும் குறைந்திருக்கும். திரும்ப ஊற்றுவேன். பிள்ளைக்குப் பால் ஊட்டுகிற மாதிரி. இருமல் வந்த பிறகு பயத்தில் நடுக்கிழமையிலும் ஒருதரம் ஊற்றினேன். 'கார் எவ்வளவு கெட்டாலும் ஒயில் விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல ஏலாது' என்று ஒரு பெருமை வேறு.

பிறகு திகனையில் கராஜ் வைத்திருக்கும் நானாவுக்குப் போன் எடுத்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் காரை வாங்கின நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். அவருக்குச் சந்தேகம் என்ற வியாதி கிடையாது.

"இருமுதா? மழ சேர், மழ. பெற்றோலுல தண்ணி விழுந்தீக்கி. டேங்க ஃபுல்லா அடிச்சி ஓடுங்க. செரியாகும்."

"நானா, எண்ணெய் மணக்குதே?"

"காருண்டா எண்ணெதான் சேர் மணக்கும். மல்லிப்பூவா மணக்கும்?"

டாங்கை நிரப்பினேன். கண்டி வாவியைச் சுற்றி இரண்டு வட்டம் ஓடினேன். தட்டையான ரோட்டில் கார் பூனைக்குட்டி மாதிரிப் போனது. சந்தோஷத்தில் வீட்டு ஏற்றத்தில் திரும்பினேன். அரைவாசியில் ஹக். ஒரு குலுக்கு. திரும்ப ஹக். இந்த முறை ஓட்டினது நான். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, "தேத்தண்ணி ஊத்தவா?" என்று மட்டும் கேட்டாள். அதை விட அவளும் என்னைப் பார்த்து 'கொன்றுபோட்டீங்க' என்று கத்தியிருக்கலாம்.

சனிக்கிழமை திகனைக்குப் போவது என்று முடிவானது. தனியாகப் போக எனக்குப் பயம். வழியில் ஏற்றத்தில் கார் நின்றுவிட்டால், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உள்ளே இருக்க, இன்னொருவர் குதித்து ரயருக்குக் கல் வைக்க வேண்டும். மலைநாட்டில் இது ஒரு ஆளால் ஆகிற வேலை இல்லை.

"கல்லு வைக்க ஒரு ஆள் வேணும்," என்றேன், மெல்ல.

"ஓட்டத்தான் ஆள் வேணாம், கல்லு வைக்க வேணுமா?"

"ஓம்."

"சரி, வாங்க போவோம்," என்று செருப்பை மாட்டினாள். வாசலில் கிடந்த கல்லில் நல்லதொன்றைப் பார்த்து எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குப் போகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கார் இருமி இருமி எப்படியோ திகனைக்குப் போய்ச் சேர்ந்தது. கல்லுக்கு வேலை வரவில்லை.

நானா பொனட்டைத் திறந்தார். எஞ்சினுக்கு மேலே வரிசையாக நாலு கறுப்புத் தொப்பி மாதிரி இருப்பவை கொயில்கள். ஒவ்வொன்றும் ஒரு குழிக்குள் இறங்கி, அடியில் இருக்கும் ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும். முதலாவதைக் கழற்றி இழுத்தார். காய்ந்து இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை இழுத்தார். கிணற்றில் விழுந்த பூனையைத் தூக்குகிற மாதிரி, எண்ணெய் சொட்டச் சொட்ட அது வெளியே வந்தது.

நான் பாய்ந்து கிட்டப் போனேன். "நானா! முடிஞ்சுதா?"

"என்ன முடிஞ்ச?"

"எஞ்சின்! இறக்க வேணுமா? ஹெட்டா? பிஸ்டனா? சொல்லுங்கோ, நான் தாங்குவன்!"

"தாங்க ஏலாட்டி அந்தக் கதிரையில உக்காருங்க சேர்," என்றார் நானா. என் மனைவியைப் பார்த்து, "மிஸ், வீட்டுலயும் இப்பிடித்தானா?" என்று கேட்டார்.

"வீட்டுல இன்னும் கூட," என்றாள் அவள்.

நாலாவது குழியிலும் எண்ணெய். நானா டோர்ச் அடித்துக் காட்டினார். அடியில் பிளக் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு குட்டிக் குளம் பளபளத்தது. நான் பக்கத்திலிருந்த ஸ்பானரை எடுத்துக் கொடுத்து, "கழட்டிப் பாருங்கோ, கெதியா," என்றேன். அவர் ஸ்பானரைத் திரும்ப என் கையிலேயே வைத்தார்.

"இப்ப பிளக்கக் கழட்டினா இந்த எண்ணெ எங்க போகும்? உள்ளுக்கு விழும். மொதல்ல இத எடுக்கணும்."

ஊசி போடும் சிறிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி உறிஞ்சினார். மிச்சத்தைத் துணி சுற்றிய கம்பியால் ஒற்றி எடுத்தார். எனக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. காரைச் சுற்றி நடந்தேன். ரயரை உதைத்தேன். ரயருக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடைசியில் அவர் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

"இங்க பாருங்க. மூக்கு காஞ்சி, தவிட்டு நெறத்துல ஈக்கி. எண்ணெ கீழால வந்தா இந்த மூக்கு நனஞ்சி கறுத்தீக்கும். அப்பிடியெண்டா ஜனாஸா, எஞ்சின அடக்கத்தான் வேணும். இது மேலால வந்தீக்கி. மேலால வந்தா மருந்து ஈக்கி."

எஞ்சினின் தலையை மூடியிருக்கும் டெப்பட் கவருக்கு அடியில், ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு றப்பர் வளையம் இருக்கிறதாம். சூட்டில் பழசாகி அது காய்ந்தால், மேலே இருக்கிற ஒயில் குழிக்குள் கசியும். கொயில் நனைந்ததும் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் பக்கத்தால் ஓடிவிடும். ஏற்றத்தில் எஞ்சின் கஷ்டப்படும்போது அந்தச் சிலிண்டர் வேலை நிறுத்தம் செய்யும். இவ்வளவுதான் இருமல். இதில் கிளச்சுக்கோ, அதை மிதித்தவளுக்கோ ஒரு சம்பந்தமும் இல்லை.

"பெற்றோலுல தண்ணி எண்டு சொன்னீங்கள்," என்றேன்.

"நானா? எப்ப?" நானாவின் முகத்தில் பச்சைப் பிள்ளையின் வெகுளித்தனம்.

பிறகு அவர், வழக்கப்படி, ஒயில் அளவு பார்க்கக் கம்பியை உருவினார். பார்த்தார். துடைத்தார். திரும்ப விட்டு எடுத்தார். திரும்பப் பார்த்தார்.

"அல்லாவே! யாரு சேர் இதுக்கு இவ்வளவு எண்ணெ குடுத்த? மேல்கோட்டயும் தாண்டி விரல் மொத்தத்துக்கு ஈக்கி!"

"இருக்க ஏலாது," என்றேன், உறுதியாக. "ஒவ்வொரு ஞாயிறும் நானே பார்க்கிறன். எப்பவும் குறைவு. எப்பவும் ஊத்துறன்."

"குறைஞ்சா எண்ணெ எங்க போன? பொகயா போனா பின்னால நீலமா வரணும். கீழ வடிஞ்சா வாசல்ல கறை ஈக்கணும். கறை ஈக்கா?"

கறை இல்லை. புகையும் இல்லை. இருவரும் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கம்பி பிழை என்றார். நான் கார் பிழை என்றேன். என் மனைவி, நானா கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்னங்க, நீங்க எங்க வச்சுப் பாக்கிறீங்க?"

"வீட்டு வாசல்லதான்."

"நம்ம வாசல்ல கார் எப்படி நிக்குது?"

நான் உள்ளங்கையைச் சரித்துக் காட்டினேன்.

எங்கள் வாசலில் கார், கழுத்தை நீட்டி வானத்தைப் பார்க்கிற ஆமை மாதிரி, மூக்கு மேலேயும் வால் கீழேயுமாக நிற்கும். அப்படி நிற்காத வாகனம் எங்கள் ஒழுங்கையிலேயே இல்லை. தட்டையான இடம் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் சந்திக்கு இறங்க வேண்டும்.

"வாங்க, செஞ்சே பாத்துருவோம்," என்றாள். வகுப்பில் கணக்கு பிழைத்தவனைப் பலகைக்குக் கூப்பிடுகிற குரல். கராஜின் வாசலில் ரோட்டுக்கு ஏறும் சின்னச் சரிவு இருந்தது. நானாவும் நானும் தள்ளி, காரின் மூக்கை மேலே பார்க்க நிறுத்தினோம். கல்லை அவளே வைத்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த அதே கல். கொஞ்ச நேரம் பொறுத்து அவளே கம்பியை உருவினாள். ஒயில் கோட்டுக்குள் இறங்கியிருந்தது. எங்கள் வாசல் இதை விட எவ்வளவோ செங்குத்து.

"கம்பி முன்னால இருக்கு. மூக்கு தூக்கினா ஒயில் பின்னால போகுது. நீங்க குறையுதுன்னு ஊத்துறீங்க. அது குறையல, ஒதுங்குது."

நானா கம்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சேர், உங்கட தொழில் என்ன?"

அவருக்கு நன்றாகத் தெரியும். என் வாயால் கேட்க ஆசை.

"காணி அளக்கிறது," என்றேன்.

"மட்டம் வச்சா?"

"ஓம். மட்டம் வச்சு."

அவள் சிரித்தாள். அந்தக் கிழமையில் முதல் தடவை. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள். எனக்கு வெட்கம்தான். ஆனால் அந்தச் சிரிப்புக்காக இன்னும் ஒரு கலன் ஒயில் ஊற்றியிருப்பேன்.

நானா நியாயமாகப் பேசினார். றப்பர் வளையம் என்றைக்காவது காயத்தான் போகிறது, பழைய கார். ஆனால் அளவுக்கு மீறின ஒயில் உள்ளே நுரைத்துத் தள்ளினதில், போக வேண்டியது முன்னாலேயே போய்விட்டது. கூடின ஒயிலைக் கீழால் திறந்து வடித்தார். புது வளையங்கள் உள்ள பெக்கிங் செற் பக்கத்துக் கடையில் கிடைத்தது. பழைய வளையத்தை நெம்பி எடுத்தபோது அது பப்படம் மாதிரி முறிந்து கையோடு வந்தது. புதிதைப் போட்டு, மூலைகளில் மட்டும் கொஞ்சம் பசை தடவி, கவரை வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார்.

"இன்னும் ஒரு இழுப்பு இழுங்கோ நானா. திரும்பக் கசியப் போகுது," என்றேன்.

"கூட இறுக்கினா கவர் வளஞ்சி கசியும். உங்களுக்கு எல்லாம் கூடக் கூடத்தான் வேணும், என்ன சேர்? எண்ணெயும் கூட, இறுக்கமும் கூட."

"சத்தமும் கூட," என்றாள் மனைவி.

பசை காயும்வரை பொறுக்க வேண்டும் என்றார். பொறுத்தேன் என்று சொல்ல மாட்டேன். மூன்று தரம் விரலால் தொட்டுப் பார்க்கப் போய் மூன்று தரமும் விரட்டப்பட்டேன். கடைசியில் நானா சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு சொல் எதிர்த்துப் பேசாமல் பிடித்தது. அடுத்த நிமிஷம் பொனட்டுக்கு அடியிலிருந்து புகை.

"நெருப்பு!" என்று கத்திக்கொண்டு தண்ணீர் வாளியைத் தூக்கினேன். நானா என் கையைப் பிடித்தார். சிந்தின எண்ணெய் சைலன்சர் குழாயில் பட்டுக் கருகுகிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடும் என்றார். போய்விட்டது. வாளியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவள் சாரதிப் பக்கக் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நானா பழக்கதோஷத்தில் சாவியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அவள் பக்கம் கண்ணைக் காட்டினேன். அவள் சாவியை வாங்கி, உள்ளே ஏறி, சீற்றை முன்னுக்கு இழுத்து, கண்ணாடிகளைத் தன் கண்ணுக்குத் திருப்பினாள். நான் மற்றப் பக்கம் போய்க் கதவைத் திறக்கப் பார்த்தேன். பூட்டியிருந்தது.

கதவுக் கண்ணாடியை நாலு விரல் இறக்கினாள். "நீங்க பஸ்ல வாங்க."

"என்ன?"

"நான் தெல்தெனியவுக்குப் போய், ஸ்கூல் வாசல்ல திருப்பி, வீட்டுக்குப் போறேன். தனியா."

"பின் சீற்றிலே இருக்கிறன். வாயே திறக்க மாட்டன். லேஞ்சியை வாயிலே கட்டுறன்."

கண்ணாடியை ஒரு விரல் ஏற்றினாள். "மூச்சு விடுவீங்கல்ல? அதுவும் எனக்குக் கேக்கும்."

"வழியிலே ஏதும் நடந்தால்?"

"நானாவுக்கு ஃபோன் பண்றேன். உங்களுக்கு இல்ல."

கார் சரிவில் ஏறி, ரோட்டில் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்து, தெல்தெனியப் பக்கம் திரும்பிப் போனது.

"நல்லா ஓடுறாங்க," என்றார் நானா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்.

நான் பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன். கண்டி பஸ் ஒன்று வந்தது. ஏறவில்லை. இன்னொன்றும் வந்தது. அதிலும் ஏறவில்லை. பக்கத்துக் கடையில் பிளேன்ரீ வாங்கி ஆறவிட்டேன். சாம்பல் நிறத்தில் வருகிற எல்லாக் காரும் எங்கள் காராகத் தெரிந்தது. போனை எடுத்தேன், வைத்தேன். அவள் ஓட்டும்போது போன் எடுக்க மாட்டாள் என்று தெரியும். எடுக்காவிட்டால் நான் என்ன நினைப்பேன் என்பதும் தெரியும். வளையம் நழுவியிருக்குமோ, பசை காயாமல் விட்டோமோ, திருப்புகிற இடத்தில் லொறி நின்றிருக்குமோ என்று தலைக்குள் ஒரு பெரிய கராஜ் திறந்து வேலை நடந்துகொண்டிருந்தது.

பிறகு அவள் வந்தாள். தெல்தெனியப் பக்கமிருந்து, அவசரமே இல்லாமல், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் நேரே. பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்டேன். இருமல் இல்லை. என்னை அறியாமல் கையைத் தூக்கினேன். என்ன சொல்லத் தூக்கினேனோ தெரியாது. அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். பின்னால் வந்த பஸ் எனக்காக நின்றது.

"நுவர, நுவர! நகின்ட, நகின்ட!" என்று கண்டிக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்த கொண்டக்டர் என்னை உள்ளே அள்ளிப் போட்டார்.

நிற்கத்தான் இடம். முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கள் காரின் பின்பக்கம் கண்ணுக்கு நேரே போய்க்கொண்டிருந்தது. சாரதி ஹோர்னை விட்ட பாடில்லை. கொண்டக்டர் சிங்களத்தில் முணுமுணுத்தார், யார் இந்த அம்மாவுக்கு லைசன்ஸ் கொடுத்தது என்று. பஸ்ஸில் நாலைந்து பேர் சிரித்தார்கள். யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். இரண்டாவது தடவையில் கொடுத்தார்கள் என்பதும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

கண்டிப் பக்கம் ரோட்டு ஏறத் தொடங்குகிற இடம் வந்தது. கார் கொஞ்சம் வேகம் குறைந்தது. அவள் கியர் மாற்றினாள். குலுங்காமல், ஹக் என்ற சத்தமும் இல்லாமல், கார் ஏறியது. அப்போதுதான் கொண்டக்டர் என் காலைப் பார்ப்பதைக் கவனித்தேன். நான் அவளுக்காக வலது காலால் பஸ்ஸின் தரையை மிதித்துக்கொண்டு நின்றிருந்தேன்.